பல் செட் உறுத்துகிறதா? பொறுக்க வேண்டியதும் பொறுக்கக் கூடாததும்

சிங்கப்பூரின் தேக்கா நிலைய உணவங்காடியில் காலை நேரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் காட்சி கண்ணில் படும். வயதான ஒருவர் தோசைத் தட்டோடு வந்து உட்கார்கிறார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாயிலிருந்து பல் செட்டைக் கழற்றி, டிஷ்யூத் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைக்கிறார். அப்புறம் தோசையைச் சாம்பாரில் நன்றாக ஊறவிட்டு ஈறாலேயே மசித்து விழுங்குகிறார். மெல்வதற்காகச் செய்த பல் செட், மெல்லும் நேரத்தில் சட்டைப்பையில் இருக்கிறது.

இப்படி ஆனவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சமையலறை அலமாரியில் ஒரு கண்ணாடிக் குவளை, அதற்குள் தண்ணீரில் கிடக்கும் பல் செட். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது மட்டும் அது வாய்க்குள் ஏறும்.

கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "போட்டுக்கொண்டே இருங்கள், பழகிவிடும்" என்பது ஒன்று. "வயதானால் அப்படித்தான், வலித்தால் கழற்றிவிடுங்கள்" என்பது இன்னொன்று. இரண்டும் பாதி சரி. அதனால்தான் குழப்பம். பல் செட் தரும் தொல்லைகளில் ஒரு வகை நாள் போகப் போகத் தானாகக் குறையும். அதைப் பொறுக்கத்தான் வேண்டும். இன்னொரு வகை, பொறுக்கப் பொறுக்க மோசமாகும். அதற்குப் பல் டாக்டரிடம் திரும்பப் போகத்தான் வேண்டும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க, பல் செட் வாய்க்குள் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

## பல் எலும்பில் நிற்கிறது, பல் செட் ஈறில் உட்கார்கிறது

இயற்கைப் பல்லின் வேர் தாடை எலும்புக்குள் இறங்கியிருக்கும். வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார் ஒன்று மெத்தைபோல் இருந்து, கடிக்கும் விசையை வாங்கி எலும்புக்குக் கொடுக்கும். சோற்றில் ஒரு பொடிக் கல் இருந்தாலும் நறுக்கென்று உடனே தெரிவது அந்த நாரில் உள்ள நரம்புகளால்தான்.

பல் செட்டுக்கு வேரும் இல்லை, அந்த நாரும் இல்லை. அதன் பாரம் முழுவதும் ஈறின் மேல்தோலில் இறங்குகிறது. அந்தத் தோல் பாரம் சுமப்பதற்கென்று அமைந்ததல்ல. செருப்பில்லாமல் நடந்தே பழகாத காலைத் தார்ச்சாலையில் வைத்தால் எப்படியிருக்குமோ, முதல் வாரங்களில் ஈறின் நிலையும் அதுதான். முழுப் பல் செட் போட்டவரின் கடிவலு, சொந்தப் பல் உள்ளவரின் கடிவலுவில் கால் பங்கு அளவுக்கே வரும். நல்ல டாக்டர், நல்ல அச்சு, நல்ல பொருள் எல்லாம் சேர்ந்தாலும் இந்த வரம்பு பெரிதாக மாறாது. செட் போடும் முன்பே இதை யாராவது எடுத்துச் சொன்னால் பலருடைய ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

மேல் செட்டும் கீழ் செட்டும் ஒன்றல்ல. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடும். அண்ணத்துக்கும் செட்டுக்கும் நடுவே மெல்லிய உமிழ்நீர்ப் படலம் இருக்கும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்கவே முடியாமல் ஒட்டிக்கொள்ளுமே, அதே பிடிப்புதான் இது. ஓரங்கள் காற்றுப் புகாமல் ஈறோடு பொருந்தினால் பிடிப்பு இன்னும் கூடும்.

கீழ் செட் குதிரை லாட வடிவம். நடுவில் நாக்கு இருப்பதால் அகலமாகச் செய்ய வழியில்லை. அது உட்காரும் பரப்பு மேல் செட்டின் பரப்பில் ஏறக்குறையப் பாதிதான். போதாததற்கு உள்ளேயிருந்து நாக்கு தள்ளும். வெளியேயிருந்து கன்னமும் உதடும் தள்ளும். "மேலே பரவாயில்லை, கீழேதான் ஆடுது" என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வதற்குக் காரணம் செய்தவரின் குறை மட்டுமல்ல. கீழ்த்தாடையின் அமைப்பே அப்படி.

## செட் மாறுவதில்லை, தாடை மாறுகிறது

பெரும்பாலான பல் செட்டுகள் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றின் உருவம் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். அடியில் இருக்கும் தாடை அப்படி இருப்பதில்லை. பல்லைத் தாங்கும் எலும்பு, பல்லுக்காகவே இருக்கும் எலும்பு. பல் போனதும் அது கரையத் தொடங்கும். முதல் ஆண்டில், அதிலும் முதல் சில மாதங்களில், வேகம் அதிகம். பிறகு வேகம் தணியும், ஆனால் நிற்காது. முழுப் பல் செட் போட்டவர்களை 25 ஆண்டுக் காலம் பின்தொடர்ந்து 1972-ல் வெளியான ஆய்வொன்று, கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம் கரைவதைக் காட்டியது. ஏற்கெனவே இடம் குறைந்த கீழ்த்தாடைதான் அதிகமாக இழக்கவும் செய்கிறது.

"ஐந்து வருஷம் நன்றாகத்தானே இருந்தது, இப்போது ஏன் ஆடுகிறது?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். உடம்பு மெலிந்த பிறகு பழைய சட்டை தொளதொளக்கும். சட்டையில் கோளாறு இல்லை.

பல்லைப் பிடுங்கிய அன்றே போட்டுவிடும் செட் ஒன்று உண்டு. வெறும் வாயோடு வீட்டுக்குப் போகவேண்டாமே என்பதற்காகச் செய்வது. பிடுங்கிய காயத்தின் வீக்கம் வடிந்து, எலும்பும் வேகமாகக் கரையும் காலத்தில் அது வாயில் இருப்பதால், சில வாரங்களிலேயே தளர்ந்துவிடும். இது எதிர்பார்த்த ஒன்றுதான். இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள், காசு கொடுத்து ஏமாந்துவிட்டோம் என்று மனம் நொந்து செட்டைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

தளர்ந்த செட்டை உடனே வீச வேண்டியதில்லை. அதன் உள்பக்கத்தில் இப்போதைய ஈறுக்குத் தகுந்தபடி புதிய அடுக்கு ஒன்று பூசிக் கொடுப்பார்கள். இதற்கு ரீலைன் என்று பெயர். கிளினிக்கில் இந்தச் சொல்லைச் சொல்லியே கேட்கலாம். செட்டின் பற்கள் தேய்ந்து, கடியே மாறிப்போயிருந்தால்தான் முழுசாகப் புதியது தேவைப்படும்.

## பழகப் பழகக் குறைகிறவை

முதல் முறை போடுகிறவருக்கு நான்கு தொல்லைகள் வரும். இவை செட்டின் கோளாறுகள் அல்ல. வாயும் மூளையும் புதிய பொருளைக் கற்றுக்கொள்ளும் நேரம் இது. சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு இரண்டு மாதம் ஆகும்.

1. வாய் நிறைய எச்சில். உள்ளே ஏதோ கிடக்கிறது, சாப்பாடாக இருக்கும் என்று வாய் நினைத்து உமிழ்நீரைச் சுரக்கிறது. துப்பிக்கொண்டே இருக்காமல் விழுங்கினால் சில நாளில் சரியாகும்.

2. குமட்டல். மேல் செட்டின் பின் ஓரம் மென்மையான அண்ணத்தைத் தொடும் இடத்தில் வரும். மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது, ஒரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுவது உதவும். ஒரு வாரம் கழித்தும் அதே குமட்டல் என்றால், பின் ஓரம் நீளமாகவோ தளர்வாகவோ இருக்கலாம். அதைச் சரிசெய்ய முடியும்.

3. பேச்சு. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் திரும்ப வந்தாலும் சொல் உடனே திரும்புவதில்லை. தமிழ் எழுத்துகள் பிறக்கும் இடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். த, ந இரண்டும் நாக்கு நுனி மேல் முன்பல்லின் பின்புறத்தைத் தொட்டுப் பிறப்பவை. வ, மேல்பல்லும் கீழுதடும் சேரும்போது பிறப்பது. ட, ண, ள, ழ எல்லாம் நாக்கை வளைத்து அண்ணத்துக்குக் கொண்டுபோய்ச் சொல்பவை. இப்போது அண்ணத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தகடு படிந்திருக்கிறது. அறுபது எழுபது ஆண்டுகளாக நாக்கு பழகிய தூரம் மாறிவிட்டது. அதனால் 'வாழைப்பழம்' 'வாளைப்பளம்' ஆகும், 'ச' விசிலடிக்கும். வழி என்னவென்றால், தினமும் பத்து நிமிடம் தனியறையில் நாளிதழை உரக்கப் படிப்பது. "வியாழக்கிழமை ஏழைக் கிழவன் வாழைப்பழத்தோல் வழுக்கி விழுந்தான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போமே, அதைப் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து சொல்லலாம். நாக்கு கற்றுக்கொள்ளும். ஆனால் பேசும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் டக் டக் என்று இடித்துக்கொண்டால், அது பயிற்சியால் தீராது. செட்டின் உயரம் கூடிப்போயிருக்கலாம், அல்லது செட் தளர்வாக இருக்கலாம்.

4. மெல்லுதல். கற்றுக்கொள்ள அதிக நாள் எடுப்பது இதுதான். அதனால் தனியாகவே பார்ப்போம்.

## மெல்வதை மறுபடி கற்றுக்கொள்வது

சொந்தப் பல்லால் நாம் ஒரு பக்கமாக மெல்வோம். பல் செட்டில் அப்படிச் செய்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் உணவை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் வைத்து ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும். முதல் நாட்களில் இது விநோதமாக இருக்கும். நாக்கே உணவைப் பிரித்து இரு பக்கமும் தள்ளப் பழகிக்கொள்ளும்.

அடுத்தது, முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. ஏற்றப்பலகையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புவதுபோல, முன்னால் கடித்ததும் பின்னால் செட் விட்டுப்போகும். ஆப்பிள், வடை, முறுக்கு எதுவானாலும் கையால் உடைத்தோ கத்தியால் நறுக்கியோ பின்பல்லுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, முட்டை. இரண்டாம் வாரம் உதிர்த்த மீன், வெந்த காய், ஊறிய தோசை. பரோட்டா கொஞ்சம் பொறுத்துத்தான்; அதன் ரப்பர்த்தனம் செட்டை இழுக்கும், பொடியாகப் பிய்த்துக் குழம்பில் ஊறவிட்டால் முடியும். ஆட்டிறைச்சியை பிரஷர் குக்கரில் இன்னும் இரண்டு விசில் கூடுதலாக விட்டுச் சமைத்தால் தாத்தா பாட்டியும் அதையே சாப்பிடலாம், தனிச் சமையல் வேண்டாம். கொய்யா விதை, தக்காளி விதை, எள் போன்றவை செட்டுக்கு அடியில் புகுந்தால் மணல்போல் அறுக்கும். சாப்பிட்டதும் செட்டைக் கழற்றி ஒரு தரம் அலசினால் போதும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று சூடு. அண்ணம் மூடியிருப்பதால் தே தாரிக் எனும் ஆற்றிய பால் தேநீரின் சூடு வாயில் சரியாகத் தெரியாது, தொண்டையில் இறங்கிய பிறகுதான் சுடும். உதட்டில் தொட்டுப் பார்த்துவிட்டுக் குடிக்க வேண்டும். இரண்டாவது மீன் முள். மீன் முள்ளை அண்ணத்தாலும் நாக்காலும் சேர்த்துத்தான் நாம் கண்டுபிடிக்கிறோம். அண்ணத்தை மூடிவிட்டால் அந்தத் துப்பறியும் வேலையில் பாதி போய்விடுகிறது. மீன் தலைக் கறி பிடித்தவர்கள் வாயை நம்பாமல் விரலால் முள் பார்த்துச் சாப்பிடுவதே நல்லது. முள் தொண்டையில் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கித் தள்ளப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

## பழகாத வலிகள்

இனி வருபவை காத்திருந்தால் சரியாகாதவை.

1. ஒரே இடத்தில் குத்தும் வலி. செட்டின் ஓரம் ஒரு புள்ளியில் அழுத்திப் புண்ணாக்கியிருக்கிறது. பல் டாக்டர் புண் இருக்கும் இடத்தைக் குறித்து, செட்டில் அதற்கு நேரான இடத்தைக் கண்டுபிடித்து, மெல்லியதாகத் தேய்த்துவிடுவார். பெரும்பாலும் சில நிமிட வேலை. புதிய செட் போட்டவருக்கு இப்படி இரண்டு மூன்று தரம் போகவேண்டி வருவது சாதாரணம். இதில் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. வலிக்கிறதென்று மூன்று நாள் கழற்றி வைத்துவிட்டு நாலாம் நாள் கிளினிக்குக்குப் போகிறார்கள். அதற்குள் புண் ஆறி அடையாளம் மறைந்துவிடும், எங்கே தேய்ப்பது என்று அவருக்குத் தெரியாது. போவதற்கு முந்தைய நாளும் போகிற நாளும், தாங்க முடிந்த அளவுக்குச் செட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். நகம் தேய்க்கும் அரத்தால் வீட்டில் தேய்ப்பது, உடைந்த செட்டைக் கடையில் வாங்கிய சூப்பர் குளூவால் ஒட்டுவது இரண்டும் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் காற்றுப் புகாத ஓரம் போய்விடும். பிறகு அந்தச் செட் நிற்கவே நிற்காது.

2. செட்டுக்கு அடியில் சிவப்பு. மேல் செட்டைக் கழற்றிப் பார்த்தால் அண்ணம் செட்டின் வடிவத்திலேயே சிவந்திருக்கும். காரணம் பெரும்பாலும் காண்டிடா என்ற பூஞ்சை. செட்டை இரவும் பகலும் கழற்றாதவர்களுக்கும் சரியாகச் சுத்தம் செய்யாதவர்களுக்கும் வரும். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இன்னும் எளிதாக வரும், நம்மவர்களிடையே நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பது தெரிந்ததுதான். இதில் வலி பெரும்பாலும் இருக்காது, அதனாலேயே கவனிக்காமல் போகிறது. மருந்து வாய்க்கு மட்டும் போதாது. செட்டிலும் பூஞ்சை குடியிருப்பதால் இரண்டையும் சேர்த்துச் சுத்தப்படுத்த வேண்டும்.

3. வாயோரம் வெடிப்பு. செட்டின் பற்கள் தேய்ந்து உயரம் குறைந்தால் முகத்தின் கீழ்ப்பகுதி சுருங்கி, மோவாய் மூக்கை நோக்கி ஏறும். வாயின் இரு ஓரமும் மடிந்து உமிழ்நீர் தேங்கி வெடிக்கும். மாதக்கணக்கில் களிம்பு பூசியும் ஆறாத வாயோர வெடிப்புக்குப் பின்னால் பழைய செட் இருக்கலாம்.

4. ஈறில் மடிப்பு. தளர்ந்த செட்டின் ஓரம் ஆண்டுக்கணக்கில் உரசிய இடத்தில் சதை மடிப்பு மடிப்பாக வளரும். சிலருக்கு அதை வெட்டி எடுத்த பிறகே புதிய அச்சு எடுக்க முடியும்.

5. இரண்டு வாரத்தில் ஆறாத புண். செட்டைச் சரிசெய்த பிறகும் ஒரு புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, தடிப்போ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், செட் உரசியதாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். வாய்ப்புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வெற்றிலை பாக்கு, புகையிலை, மது பழக்கம் இருந்தவர்கள், எப்போதோ விட்டுவிட்டவர்களும்கூட, இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பல்லே இல்லாதவரும் ஆண்டுக்கு ஒரு தரம் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இந்தச் சோதனைதான்.

## பசை எவ்வளவு?

பல் செட் பசை குழாய்களில் எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. நன்றாகப் பொருந்திய செட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் பிடிப்புத் தருவது அதன் வேலை. பொருந்தாத செட்டை நிற்க வைப்பது அதன் வேலையல்ல. சுத்தமாகக் கழுவி உலர்த்திய செட்டில் மூன்று நான்கு பட்டாணி அளவுப் பொட்டுகள் போதும். மேலும் கீழும் செட் போட்ட ஒருவருக்கு 68 கிராம் குழாய் ஏழெட்டு வாரம் வரவேண்டும். இரண்டு வாரத்தில் தீர்ந்தால் அது ரீலைனுக்கு நேரம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

அளவு மீறுவதில் வேறொரு கெடுதலும் உண்டு. சில பசைகளில் துத்தநாகம் சேர்த்திருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களுக்கு உடம்பில் துத்தநாகம் கூடி, செம்பு குறைந்து, கை கால் மரத்துப்போகும் நரம்புக் கோளாறு வந்தது. 2010-ல் பெரிய நிறுவனமொன்று தன் பசைகளில் துத்தநாகம் சேர்ப்பதை நிறுத்தியது. துத்தநாகம் இல்லாதது என்று குழாயில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

## இரவில் கழற்றுங்கள்

தூங்கும்போது கழற்றச் சொல்வது ஈறுக்கு ஓய்வு கொடுக்க. அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. செட்டில் படிந்த கிருமிகள் தூக்கத்தில் உமிழ்நீரோடு மூச்சுக்குழாய்க்குப் போவதால் இப்படி ஆகலாம்.

சுத்தம் செய்யும் முறை எளிது. மென்மையான பிரஷ், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், சாதாரணத் தண்ணீர். பற்பசை வேண்டாம், அதன் உராய்வில் அக்ரிலிக் கீறி, கீறலில் கிருமியும் மஞ்சள் கறையும் தங்கும். கொதிநீர் கூடவே கூடாது, செட் வளைந்துவிடும். தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பி அல்லது ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்துக் கழுவினால், கை வழுக்கி விழுந்தாலும் உடையாது. இரவில் தண்ணீரிலோ, பொங்கி நுரைக்கும் மாத்திரை கரைத்த நீரிலோ மூழ்க வையுங்கள். உலர விட்டால் உருவம் மாறும். காலையில் அலசிவிட்டுப் போடுங்கள். அந்த மாத்திரையை எக்காரணத்தாலும் வாயில் போடக் கூடாது.

வெளியே போகும்போது சின்ன மூடிபோட்ட டப்பா ஒன்று கையோடு இருக்கட்டும். உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைத்து மேசையைச் சுத்தம் செய்வது 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயம். மேசையில் டிஷ்யூவில் சுற்றி வைத்த பல் செட், தட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விட ஒரு நொடி போதும்.

## வாய் வறட்சி

மேல் செட்டை நிறுத்துவது உமிழ்நீர்ப் படலம் என்று பார்த்தோம். உமிழ்நீர் வற்றினால் பிடிப்பும் போகும், உரசலும் கூடும். இரத்த அழுத்தத்துக்கும் ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்துகளில் பல, வாயை வறளச் செய்பவை. திடீரென்று செட் பிடிக்காமல் போனால், அண்மையில் மருந்து ஏதும் மாறியதா என்று யோசித்துப் பாருங்கள். மருந்தை நீங்களே நிறுத்தக் கூடாது. பட்டியலை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டினால் மாற்று இருக்கிறதா என்று பார்ப்பார். இடையிடையே ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதும், செட்டைப் போடுமுன் நனைத்துக்கொள்வதும் உதவும்.

## சிங்கப்பூரில் எங்கே போவது, செலவுக்கு என்ன வழி

செட் செய்த கிளினிக்குக்கே முதலில் போங்கள். புதிய செட்டை அவ்வப்போது சரிசெய்து தருவதும் அந்த வேலையின் ஒரு பகுதிதான். எத்தனை தரம் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள் என்று செய்வதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

சாஸ் எனப்படும் சமூக சுகாதார உதவித் திட்டத்தில் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் நீல அட்டை, ஆரஞ்சு அட்டை வைத்திருப்பவர்களுக்கும், அரசு முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை என்று வகுத்திருக்கும் மூத்த குடிமக்களுக்கும் பல் செட்டுக்கு மானியம் உண்டு. பச்சை அட்டைக்குப் பல் சிகிச்சை மானியம் கிடையாது. பலருக்குத் தெரியாத செய்தி, புதிய செட்டுக்கு மட்டுமல்ல, ரீலைனுக்கும் பழுதுபார்ப்பதற்கும்கூட மானியம் இருக்கிறது என்பது. செலவாகுமே என்று ஆடும் செட்டோடு ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் இதை ஒரு தரம் விசாரித்துப் பார்க்க வேண்டும். திட்டத்தில் சேர்ந்த கிளினிக்குகள் வீவக பேட்டைகள் எங்கும் இருக்கின்றன. பல் பிரிவு உள்ள பலதுறை மருந்தகங்களுக்கும் போகலாம். சிக்கலான தாடை என்றால் அங்கிருந்து ஊட்ரமில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையம் போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள்.

மலிவாகச் செய்து தருகிறேன் என்று வீட்டில் வைத்து அச்சு எடுப்பவர்களிடம் போகவேண்டாம். பல் மருத்துவராகப் பதிவு செய்தவர்தான் உங்கள் வாயில் கை வைக்க வேண்டும். ஈறில் புண் இருக்கிறதா, மிச்ச வேர் இருக்கிறதா என்று பார்க்காமல் போட்ட செட் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆபத்துதான்.

## எவ்வளவு செய்தும் கீழ் செட் நிற்காவிட்டால்

கீழ்த்தாடை எலும்பு மிகவும் தேய்ந்தவர்களுக்கு ரீலைனும் பசையும் ஓரளவுக்குத்தான் உதவும். அவர்களுக்கு இருக்கும் வழி இம்பிளாண்ட். தாடையின் முன்பகுதியில் இரண்டு டைட்டானியத் திருகுகளைப் பதித்து, எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ளச் சில மாதம் விட்டு, சட்டைப் பித்தான்போல அவற்றில் மாட்டிக் கழற்றும்படி கீழ் செட்டை அமைப்பார்கள். பல்லில்லாத கீழ்த்தாடைக்கு வெறும் செட்டைவிட இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-ல் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். வாய் முழுக்க இம்பிளாண்ட் வைக்கும் செலவை நினைத்துப் பயந்து பலர் இதைக் கேட்காமலே விடுகிறார்கள். இரண்டு திருகுக்கே கீழ் செட்டின் நடத்தை அடியோடு மாறும். இம்பிளாண்ட் பதிப்பது அறுவைச் சிகிச்சை என்பதால் அந்தப் பகுதிச் செலவுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்த முடியும். நீரிழிவும் புகைப்பழக்கமும் இதன் வெற்றியைப் பாதிக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

## வாய் திறந்து சொல்ல முடியாதவர்கள்

மறதிநோய் வந்த அம்மா, பக்கவாதம் வந்த அப்பா. வலிக்கிறது என்று இவர்கள் சொல்வதில்லை. சோற்றைத் தள்ளிவிடுவார்கள், செட்டைப் போட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஒரு பக்கமாகவே மெல்வார்கள். பிடிவாதம் என்று நினைக்காமல் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். பணிப்பெண்தான் கவனித்துக்கொள்கிறார் என்றால், கழற்றிக் கழுவும் முறையை அவருக்குக் காட்டிக்கொடுங்கள். ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடைப்பதும் அதில் சேரும். தாதிமை இல்லத்தில் இருப்பவரென்றால் செட்டில் பெயர் பொறிக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். அங்கே செட்டுகள் ஒன்றோடொன்று மாறிப்போவதுண்டு. ஓரிரு பல் மட்டும் உள்ள சின்னச் செட் காணாமல் போய், கூடவே இருமலோ விழுங்க முடியாத வலியோ இருந்தால், விழுங்கியிருக்கலாம் என்று எண்ணி உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அக்ரிலிக் பொதுவாக எக்ஸ்ரேயில் தெரியாது. பல் செட் காணவில்லை என்று நீங்கள் சொன்னால்தான் அங்கே அதைத் தேடுவார்கள்.

## டாக்டரிடம் என்ன சொல்வது

"வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் போதாது. எந்த இடம், போட்டதுமே வலிக்கிறதா மெல்லும்போது மட்டுமா, எழும்புவது மேலா கீழா, கொட்டாவி விட்டால் விழுகிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும் அதே தாளில் இருக்கட்டும். பழைய செட் ஏதாவது வீட்டில் இருந்தால், உடைந்ததாக இருந்தாலும், அதையும் எடுத்துப்போங்கள். ஒரு காலத்தில் அது வசதியாக இருந்தது என்றால், அதன் உயரத்தையும் பல் நின்ற இடத்தையும் அளந்து பார்த்தே புதியதில் எது மாறிப்போனது என்று அவர் கண்டுபிடிக்க முடியும்.